தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் அம்மாள்

தென்காசியில் இருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் பாவூர்சத்திரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள ஊர் கீழப்பாவூர். குளமும் வயலும் சூழ்ந்த ஊர். நரசிம்மர் கோவிலால் பெயர் பெற்ற ஊர்.

இந்த வட்டாரத்துத் தெருக்களில் நடந்தால் ஒரு காட்சியைக் காணலாம். பெண்கள் திண்ணையில் அமர்ந்து, மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கை வேலையில் இருக்கும். கண் பிள்ளைகள் மீது இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் குளிக்கும்போது, மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. ஆனால் நெஞ்சு திக்கென்கிறது.

யாரிடம் சொல்வது? கணவரிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மார்பையே எடுத்துவிடுவார்களோ என்ற கவலை. எடுத்துவிட்டால் பிறகு நான் பெண்தானா என்ற வேதனை.

இன்று அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு என்று ஓர் ஆஸ்பத்திரிகூட இல்லை. அந்தக் குறையைப் போக்கியவர் ஒரு பெண். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருடைய கதை இது.

புதுக்கோட்டைச் சிறுமி

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார்.

தந்தை நாராயணசாமி அய்யர். மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள். அவர் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அவரை மணந்ததற்காக நாராயணசாமி அய்யரை உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிக்குச் செல்வது அபூர்வம். வயதுக்கு வந்துவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

முத்துலட்சுமிக்கும் அதே பேச்சு எழுந்தது. ஆனால் சிறுமி பிடிவாதமாக நின்றார். படிப்புதான் வேண்டும் என்றார். தந்தை மகளின் பக்கம் நின்றார். வீட்டிலேயே பாடம் நடந்தது. வீட்டில் இருந்தபடியே மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்தது கல்லூரி. மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அங்கே ஒரு பெண் சேருவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. பெண் வந்தால் எங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் கூச்சலிட்டார்கள்.

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் குறுக்கிட்டார். அந்தப் பெண் படிக்கட்டும் என்று அனுமதி கொடுத்தார். உதவித் தொகையும் கொடுத்தார்.

அந்தக் கல்லூரியில் கால் வைத்த முதல் பெண் முத்துலட்சுமி.

டாக்டர் பட்டம்

1907-ம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னைக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

உடல் அவ்வளவு வலுவானது அல்ல. அடிக்கடி நோய் வரும். ஆனால் மனம் இரும்பு. இரவு பகலாகப் படித்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்றார்.

1912-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர். சென்னை அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

திருமணத்துக்கு நிபந்தனை

1914-ம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர் சுந்தர ரெட்டி.

சம்மதம் சொல்வதற்கு முன்பு மணமகள் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம்முடைய விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அந்த நிபந்தனை.

மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

தம் வாழ்க்கையைப் பற்றிய முடிவில் தமக்கும் பங்கு உண்டு என்று அந்தக் காலத்திலேயே கேட்ட பெண் அவர். பின்னாளில் மற்றப் பெண்களுக்காக அவர் கேட்டதும் இதையேதான்.

தம்பதிகளுக்கு இரண்டு ஆண் குழந்தைகள். மூத்தவர் ராம்மோகன். இளையவர் கிருஷ்ணமூர்த்தி. இந்த இளையவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தங்கையின் மரணம்

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை இருந்தார். அக்காவின் உயிர் அந்தத் தங்கை.

1920-களின் தொடக்கத்தில் தங்கை நோயில் விழுந்தார். முதலில் என்ன நோய் என்றே சரியாகப் பிடிபடவில்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அது புற்றுநோய்.

அக்கா டாக்டர். அத்தான் டாக்டர். ஊரில் உள்ள பெரிய டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். இருந்தும் பயன் இல்லை. கண் எதிரே தங்கை துடித்தார்.  உயிர் பிரிந்தது.

தங்கையின் முகம் அக்காவின் மனதை விட்டு அகலவில்லை. டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால், ஏழை வீட்டில் என்ன கதி என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

லண்டனில் கண்டது

1925-ம் ஆண்டில் முத்துலட்சுமி லண்டனுக்குச் சென்றார். தாய்மார், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்கச் சென்றார்.

அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. முத்துலட்சுமி அதைப் போய்ப் பார்த்தார். நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ரேடியம் வைத்து மருத்துவம் செய்தார்கள். நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம் என்பதை அவர் கண்ணால் கண்டார்.

இதுபோல ஒன்று சென்னையிலும் வேண்டும் என்று அன்றே தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானம் நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

சட்டசபையில் முதல் பெண்

ஊருக்குத் திரும்பியதும் வேறு கடமைகள் அவரை அழைத்தன. சென்னை சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். சபையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறு பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தப் பெண்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே முடிவு செய்ய முடியாது. அந்தக் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்று முத்துலட்சுமி வாதாடினார். தாயார் பிறந்த குலத்தின் கண்ணீரை அறிந்தவர் அல்லவா!

எதிர்ப்பு பலமாக இருந்தது. அவர் அசையவில்லை. முடிவில், 1947-ம் ஆண்டில் அந்த வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1930-ம் ஆண்டில் காந்தி அடிகள் கைது செய்யப்பட்டார். உடனே முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை உதறினார்.

அந்தச் சமயம், தேவதாசிக் குடும்பத்தில் இருந்து தப்பி வந்த இளம் பெண்கள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் முன்வரவில்லை. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். இன்றும் அது அடையாறில் இருக்கிறது.

வீண் செலவு என்றார்கள்

எத்தனை வேலை வந்தாலும் தங்கையின் நினைவு போகவில்லை.

1935-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே பேசிய முத்துலட்சுமி, புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார்.

பலர் கேட்டார்கள். சிலர் தலையாட்டினார்கள். பணம் மட்டும் வரவில்லை.

புற்றுநோய் வந்தால் சாவுதான். சாகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பெரிய மனிதர்களே கேட்டார்கள். அரசாங்கத்தில் இருந்தவர்களும் முதலில் கையை விரித்தார்கள்.

முத்துலட்சுமி இந்திய மாதர் சங்கத்தைத் துணைக்கு அழைத்தார். புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பட்டது. பெண்கள் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்ந்தது.

இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி டாக்டருக்குப் படித்தார். வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்தார். வசதியான வேலைகளை நாடாமல் தாயாரின் கனவைத் தம் கனவாக ஏற்றார்.

பன்னிரண்டு படுக்கைகள்

1952-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் நேரு அடையாறுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்.

1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்று ஏற்பட்ட முதல் ஆஸ்பத்திரி அது.

பெரிய மாளிகை அல்ல. சிறிய கட்டடம். பன்னிரண்டே படுக்கைகள்.

அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

அடுத்த ஆண்டில் ஓர் இளம் பெண் டாக்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் டாக்டர் சாந்தா. 2021-ம் ஆண்டில் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியையே தம் வீடாகக் கொண்டிருந்தார்.

பன்னிரண்டு படுக்கைகள் பல நூறு படுக்கைகளாகப் பெருகின. ஏழை, பணக்காரர் என்று பாராமல் அங்கே சிகிச்சை நடைபெற்று வருகிறது.

1956-ம் ஆண்டில் மத்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் பட்டம் வழங்கியது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, தமது 81-வது வயதில் அவர் காலமானார்.

ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு கொடுக்கும் பிரசவ உதவித் தொகைக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. கீழப்பாவூரிலும் அந்த உதவியைப் பெற்ற தாய்மார் இருப்பார்கள். பெயருக்குப் பின்னால் உள்ள கதையை அறியாதவர்களும் இருப்பார்கள்.

அன்று ஒரே வழி

முத்துலட்சுமி வாழ்ந்த காலத்தில், மார்பில் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் ஒரே வழிதான். மார்பு முழுவதையும் எடுப்பார்கள். அதன் அடியில் உள்ள சதையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்பதே அன்றைய நிலை.

வீடு திரும்பிய பெண்ணின் மனதைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வெளியே வரக் கூசி வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர்.

1962-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிலிக்கோன் என்ற பொருளால் செய்த செயற்கை மார்பை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குள் வைத்தார்கள். பிறகு, உடலின் வேறு இடத்துச் சதையைக் கொண்டே மார்பை உருவாக்கும் முறைகளும் வளர்ந்தன.

இந்திய நாட்டில் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோய்தான். 2022-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இது வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்று நான்கு வழிகள்

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டி சிறியதாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குச் சென்றால், பலருக்கு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியது இல்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர் சிகிச்சை கொடுப்பார்கள். தகுந்தவர்களுக்கு இதுவும் முழு மார்பை எடுப்பதைப் போலவே உயிரைக் காக்கும்.

முழுவதும் எடுக்க நேர்ந்தால், அதன் பிறகு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி: அப்படியே விட்டுவிடுவது. வேறு ஆபரேஷன் இல்லை. புண் சீக்கிரம் ஆறும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இதையே விரும்பி ஏற்கும் பெண்கள் பலர்.

இரண்டாவது வழி: உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு. துணியிலும் பஞ்சிலும் செய்தவை உண்டு. சிலிக்கோனில் செய்தவையும் உண்டு. புண் ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டு அணியலாம். இரவில் கழற்றி வைத்துவிடலாம்.

மூன்றாவது வழி: தோலுக்கு அடியிலோ, சதைக்கு அடியிலோ சிலிக்கோன் பையை வைப்பது. சிலருக்கு முதலில் ஒரு வெறும் பையை வைத்து, அதில் வாரக்கணக்கில் உப்பு நீரை ஏற்றி, தோலை விரியச் செய்வார்கள். பிறகு நிரந்தரப் பையை வைப்பார்கள். இந்த ஆபரேஷன் நேரம் குறைவு. உடலில் வேறு இடத்தில் தழும்பு இல்லை. ஆனால் அந்தப் பை ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று சொல்ல முடியாது. பின்னாளில் மாற்ற நேரலாம். கதிர் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு அந்த இடம் இறுகிப்போவதும் உண்டு.

நான்காவது வழி: சொந்த உடலில் இருந்தே மார்பை உருவாக்குவது. அடிவயிற்றில் இருந்தோ, முதுகில் இருந்தோ தோலையும் கொழுப்பையும் சதையையும் எடுத்துச் செய்வார்கள். இது மிருதுவாக, இயற்கையாக இருக்கும். ஆனால் ஆபரேஷன் பல மணி நேரம் நடக்கும். இரண்டு இடங்களில் புண் ஆற வேண்டும். மிகவும் மெலிந்தவர்களுக்கு வயிற்றில் போதிய கொழுப்பு இராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், புகை பிடிக்கிறவர்களுக்கும் புண் ஆறுவது கடினம்.

எந்த வழியில் செய்தாலும், பழைய உணர்ச்சி முழுவதும் திரும்பி வராது. இதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

பீடி சுற்றும் கைக்கு ஓய்வு ஏது? குடம் தூக்க வேண்டும். வயலில் குனிய வேண்டும். முதுகுச் சதையை எடுத்தால் சிலருக்குத் தோள் வலு குறையக்கூடும். வயிற்றில் இருந்து எடுத்தால் சில மாதங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கதிர் சிகிச்சை உண்டா? எத்தனை ஆபரேஷன் நடக்கும்? எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும், எதற்குக் கைப்பணம் வேண்டும்? இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

அவசரம் வேண்டாம். மார்பை எடுக்கும்போதே புது மார்பை உருவாக்கலாம். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் உருவாக்கலாம். இன்று வேண்டாம் என்று சொன்னவர் நாளை வேண்டும் என்று சொல்ல வழி உண்டு. புது மார்பை உருவாக்கினால் நோய் திரும்பிவிடும் என்ற பயமும் வேண்டாம். அதனால் நோய் திரும்புவது இல்லை.

ஆனால் புற்றுநோய்க்கான சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முதலில் உயிர். பிறகு உருவம்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. அழகைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். செலவைக் காட்டி வாயை அடைக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூடவே செல்லுங்கள். டாக்டர் சொல்வதைச் சேர்ந்து கேளுங்கள். உடல் அவளுடையது. முடிவும் அவளுடையதாக இருக்கட்டும். 1914-ம் ஆண்டிலேயே டாக்டர் சுந்தர ரெட்டி அதை ஒப்புக்கொண்டார்.

கதவு திறந்திருக்கிறது

கீழப்பாவூர்த் தாயிடம் திரும்புவோம்.

மார்பில் கட்டி என்றால் எல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கட்டிகளே. ஆனால் எது எது என்று கையால் தடவி முடிவு செய்ய முடியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி இல்லை என்று சும்மா இருப்பது பெரிய தவறு.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். தென்காசியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னைக்குச் சென்றால் அடையாறு இருக்கிறது.

முத்துலட்சுமியின் தங்கைக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் அக்கா முப்பது ஆண்டுகள் அலைந்தார்.

அவர் திறந்து வைத்த கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. பீடித் தட்டை ஒரு நாள் இறக்கி வையுங்கள். போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.